ரெமிஜியுஸ் மீன்துப்பாக்கியை அறுத்தபோது

சந்தியாகப்பர்துறையில் கடல் குறைந்தது ஒரு வியாழக்கிழமை காலையில், பூசை முடிந்து இட்லிக் கடை அடுப்பு அணைவதற்குள். அதைச் செய்தவன் எங்கள் ஊரில் வலை தொடாமல் முக்குளித்தே பிழைத்த ஒரே ஆளான ரெமிஜியுஸ், செய்த கருவி ஒரு ஆக்சா பிளேடு, செய்கிறபோது அவன் மனதில் கடலைக் குறைக்கிற எண்ணம் ஒரு துளியும் இல்லை, தன் மீன்துப்பாக்கி அநியாயத்துக்கு நீளம் என்கிற எரிச்சல் மட்டும்தான் இருந்தது என்று நாங்கள் எந்தக் கோயில் படியில் வேண்டுமானாலும் ஏறிச் சத்தியம் செய்வோம்.

அந்தத் துப்பாக்கியைக் கப்பல் வேலைக்குப் போன அவன் சித்தப்பா மகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்திருந்தான். தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை அது. ஒரு பிடி, பிடியில் ஒரு விசை, பிடியிலிருந்து நீண்டு போகிற அலுமினியக் குழல், குழலின் வாயில் கட்டிய ரப்பர். ரப்பரை இழுத்துக் கம்பியில் மாட்டி விசையை அழுத்தினால் கம்பி தண்ணீருக்குள் பாய்ந்து போய் மீனைக் குத்தும், அவ்வளவுதான். கண்ணாடிபோலத் தண்ணீர் இருக்கிற தேசங்களுக்கு அந்த நீளம் சரி. எங்கள் கடலோ தென்காற்று அடித்தால் கஞ்சித் தண்ணீர், நீட்டிய கை தெரியாது, ரெமிஜியுஸ் தேடிப்போகிற கலவாய் மீன்களோ பாறை இடுக்குகளில் சம்சாரிகளாகக் குடியிருப்பவை, அவன் நெஞ்சுயரத் துப்பாக்கியை இடுக்குக்குள் திருப்பி முடிப்பதற்குள் அவை பிள்ளைகுட்டிகளோடு வேறு வீடு பார்த்துப் போய்விடும். அன்றைக்கு முதல் நாள் அப்படிப் போன ஒரு கலவாய் போகிற போக்கில் தன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது என்று அவன் சொன்னான், நாங்கள் நம்பினோம், கலவாய்க்கு அந்தத் திமிர் உண்டு.

ஆகவே வீட்டுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து, குழலின் வாய்மூடியைக் கழற்றி, ரப்பரை உருவி, குழல் ஆடாமலிருக்க அதன் மேல் தன் பெண்சாதி அமலோற்பவத்தை உட்காரவைத்தான்.

"அசையாத அமலி. எம்புட்டு அறுக்கணும்னு நீயே கையை வச்சுக் காட்டு, எங் கை ரெண்டும் இங்கிட்டு மாட்டிக்கிருச்சு."

"என்ர கையாலயோ? பிறகு கூடிப்போச்சு, குறைஞ்சு போச்செண்டு என்னைப் பேசக்கூடாது."

"பேசல. வை."

அவள் ஒரு சாண் வைத்துக் காட்டினாள், அவன் அந்த இடத்தில் கரியால் கோடு போட்டு அறுத்தான். எங்கள் ஊரில் அளவுகோல் தச்சர் வீட்டில் மட்டும்தான் இருக்கும். மற்ற எதையும் நாங்கள் கையாலும் காலாலும் வாயாலும் அளப்பவர்கள், யார் கை என்று பார்த்துக்கொள்வோம், அதோடு சரி. இது அமலியின் கை. கடல் ஏன் அன்றைக்குக் கேட்டது என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான், வேறு பதில் தேடி வந்த படித்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

அமலியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவள் அக்கரையில் பிறந்தவள். அங்கே சண்டை மூண்ட வருடம் அவளுக்குப் பால்பற்கள் எல்லாம் விழுந்து முடியாத வயது. புறப்பட்டுவிட்ட படகில் ஒரே ஒரு ஆளுக்கு இடம் இருந்தபோது அவளைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவள் அவள் அக்கா எமில்டா. இக்கரையில் முகாமில் வளர்ந்து, ரெமிஜியுஸுக்கு வாக்கப்பட்டு, எங்கள் ஊர் மருமகளாகி, எங்கள் சண்டைகளில் எங்களைவிடச் சத்தமாகக் கத்தக் கற்றுக்கொண்ட பிறகும் அவள் நாக்கு மட்டும் அக்கரையிலேயே இருந்தது. இந்த நாடும் அவளைத் தன் ஆள் என்று எழுதிக்கொள்ளவில்லை, அந்த நாடும் எழுதிக்கொள்ளவில்லை, போனால் திரும்பி வரமுடியாது. அக்காவும் தங்கையும் தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள், குழம்பில் என்ன மீன் என்பதுவரை பேசுவார்கள். ஆனால் அந்தப் படகுக்குப் பிறகு தொட்டுக்கொண்டதில்லை. இப்போது எமில்டாவின் மகன் கனடாவிலிருந்து அவளைக் கூப்பிட்டுவிட்டான்; மாதா திருநாள் கழிந்த வாரம் விமானம். கனடாவிலிருந்து யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. போவதற்குள் ஒருதடவை அக்காவின் கையைத் தொடவேண்டும், அமலிக்கு அதைத் தவிர அந்த வருடம் வேறு ஆசை எதுவும் இல்லை, அது நடக்காது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இனி கஸ்பார். எங்கள் ஊர்க்கமிட்டித் தலைவர், எஞ்சின் வல்லத்தின் முதலாளி, கடல் தூரத்தைப் பீடியால் அளக்கிற பரம்பரையில் வந்தவர். ஒரு கட்டுப் பீடி குடித்து முடித்தால் அக்கரை, அரைக் கட்டில் எல்லை, எல்லையில் வல்லத்தைத் திருப்பிவிட வேண்டும், இதுதான் எங்கள் ஊர்ச் சட்டம். அந்த வியாழக்கிழமை அவர் வழக்கம்போலக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சுக்கானைப் பிடித்து, வழக்கம்போல அரைக் கட்டில் கடைசிப் பீடியை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது வல்லம் கிரீச்சென்று மணலில் ஏறி நின்றது. கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு பெண்பிள்ளை விளக்குமாற்றோடு நிற்கிறாள்.

"ஆரப்பா நீ? கருவாடு காயப்போட்ட இடத்திலயோ வள்ளத்தைக் கொண்டுவந்து ஏத்துறாய்?"

கஸ்பார் வாயிலிருந்து பீடி விழுந்தது. அவரைக் கைதுசெய்ய வேண்டியவர்கள் அந்த நேரத்தில் தங்கள் ரோந்துக் கப்பல் எப்படிக் கரையில் தட்டியது என்று விசாரித்துக்கொண்டிருந்ததால், அந்தப் பெண்பிள்ளையே அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, நாலு பேரைக் கூப்பிட்டு வல்லத்தைத் தள்ளிவிட்டாள். ஊருக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "சீனியைத் தேத்தண்ணியில போட்டாளா, இல்ல நக்கிக்கிட்டே குடிக்கட்டும்னு கையில குடுத்தாளா?" என்பதுதான்.

"கையில குடுத்தா. அது கெடக்கட்டும். கடலு பாதியாப் போயிருச்சுய்யா!"

அப்போதுதான் எல்லோரும் கடற்கரைக்கு ஓடினோம். உண்மைதான். எப்போதும் வெறும் வானமாக இருந்த இடத்தில் ஒரு கரும்பச்சைக் கோடு, கோட்டில் பனைமரங்கள், ஒரு வெள்ளைக் கோபுரம். ரெமிஜியுஸும் வந்தான், ஒரு கையில் குறைந்த துப்பாக்கி, இன்னொரு கையில் அறுத்த துண்டு. அதிகமாக அறுத்துவிட்டோமோ என்கிற சந்தேகத்தில் அவன் துண்டைக் குழலின் வாயில் பழையபடி பொருத்திப் பார்த்தான். பனைமரங்கள் கூட்டமாகப் பின்னால் நடந்து மறைந்தன. துண்டை எடுத்தான், திரும்பி வந்தன. பொருத்தினான், போயின. எடுத்தான், வந்தன. கைதட்டிக் கூச்சல் போட்டோம். கூட்டத்தில் கைதட்டாமல் நின்றது அமலி ஒருத்திதான், அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே எங்களுக்கு எல்லாம் பழகிவிட்டது. கடல் பாதியானால் மீன் பாதியாகுமா, ஆகவில்லை. முழுக் கடலின் மீனும் பாதிக் கடலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது, சங்கராவும் பாரையும் வெங்காய மூட்டைகள்போல ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கிடந்தன, வலையை இறக்கினால் ஏற்ற ஆள் போதவில்லை. அக்கரைக் கோயில் மணியும் எங்கள் கோயில் மணியும் ஒரே காற்றில் கலந்ததில் கிழவிகள் ஒவ்வொரு வேளையும் இரண்டு தடவை திரிகாலச் செபம் சொல்லி இரட்டிப்புப் பலன் சம்பாதித்தார்கள். அவர்கள் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால் நாங்கள் அதைவிடப் பெரிய குழாய் கட்டினோம், அவர்கள் அதைவிடப் பெரியது கட்டினார்கள். எங்கள் பையன் அடித்த சிக்ஸர் ஒன்று அக்கரையில் விழுந்து, அது அவுட்டா இல்லையா என்பதில் இரண்டு கரைக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை நடக்கிறது. இரண்டு நாட்டு ரோந்துக் கப்பல்களும்தான் பாவம். முன்பு காலையில் கிளம்பினால் மத்தியானம்வரை ஒன்றையொன்று பார்க்காமல் கம்பீரமாகச் சுற்றிக்கொண்டிருந்தவை, இப்போது எங்கள் சந்தில் மினிபஸ் திருப்புகிற மாதிரி, வா வா, போதும், ஒடி ஒடி என்று ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துத்தான் திரும்ப முடிந்தது.

அமலி அன்றாடம் கரைக்கு வந்து நின்றாள். அக்கரையில் ஒரு புள்ளி நிற்கும். போனில் எமில்டா, "நான்தானடி, சிவப்புத் துணி அசைக்கிறன், தெரியுதோ?" என்பாள், அமலி தெரியாமலே தெரியுது தெரியுது என்று குதிப்பாள்.

ஒரு மாலை அவள் ரெமிஜியுஸின் முன்னால் துப்பாக்கியையும் ஆக்சா பிளேடையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இஞ்சருங்கோ. இன்னும் ஒரு சாண்."

"இதுக்கு மேல அறுத்தா கம்பி எம்புட்டுப் பாயும்ங்குற? குட்டித் துப்பாக்கியாப் போயிரும். அது மட்டும் இல்ல அமலி." அவன் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருந்தது. "குறுகுன தண்ணியெல்லாம் கீழதான் போகுது. எம் பாறை அடியில எறங்கிருச்சு. முன்னாடி நாலு பாகத்துல கெடந்த பாறை, இன்னைக்கு மூச்சுப் பிடிச்சு எட்டுப் பாகம் போனேன், தொட முடியல."

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்து அளக்கிற அளவு. ஆழத்தை நாங்கள் அப்படித்தான் அளப்போம். அமலி புரிந்துகொண்டாள். ஊரெல்லாம் வலையில் மீன் அள்ளுகிறது, முக்குளிக்கிறவன் ஒருத்தன் மட்டும் வெறும் கையோடு வருகிறான். அவள் பிளேடை எடுத்து உள்ளே வைக்கப் போனாள். வாசல்படி தாண்டுவதற்குள் ரெமிஜியுஸ் கூப்பிட்டான்.

"எங்கிட்டுக் கொண்டு போற? வந்து கொழலு மேல உக்காரு."

அவனுக்கு அவள் மேல் அப்படி ஒரு பிரியம். எங்களுக்குத் தெரியும், ஆனால் இவ்வளவு என்று தெரியாது.

இரண்டாம் சாண் அறுந்தபோது அக்கரைப் பனைமரங்களில் நுங்கு தெரிந்தது. மூன்றாம் சாண் அறுந்தபோது எமில்டா தெரிந்தாள், சிவப்புத் துணியும் நரைத்த தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற நிற்பும் தெரிந்தன, "அமலீ" என்று அவள் கத்தியது போனில் கேட்பதற்கு முன்பே காற்றில் கேட்டது. ரெமிஜியுஸின் பாறையோ இருட்டுக்குள் போய்விட்டது. துப்பாக்கியில் பிடிக்குப் பிறகு ஒன்றரைச் சாண் குழல்தான் மிச்சம், அதில் பூட்டிய கம்பி ஒரு நெத்திலியைக்கூடக் குத்தாது.

அங்கேதான் ஊர் விழித்துக்கொண்டது. கஸ்பார் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார். முதலில் எங்களுக்கு அவர் பேசுவது பிடிக்கவில்லை, பிறகு பிடித்தது, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"மீனு அள்ளுதுன்னு ஆடுறீக. அள்ளி முடிச்சா? பெறகு குஞ்சு பொரிக்க எடம் எங்கிட்டு இருக்கு? வல்லத்தைத் திருப்ப எடம் இல்ல. இன்னும் அறுத்தா கடலு வாய்க்காலாப் போயிரும். நாம கடக்கரைக்காரங்கய்யா. வாய்க்காக்கரைக்காரங்கன்னு பொண்ணு குடுப்பானா எவனாச்சும்?"

பெண் கொடுக்க மாட்டான் என்று கூட்டம் ஒத்துக்கொண்டது. அறுத்த துண்டுகளை எல்லாம் உடனே ஒட்டிவிட வேண்டும் என்று முடிவெடுக்கப் போகிற நேரத்தில் அமலி எழுந்தாள். பெண்கள் வரிசையில் எழுந்து பேசுகிற வழக்கம் எங்கள் ஊர்க்கூட்டத்தில் இல்லை.

"ஒட்டுங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. கடலில்லாம நீங்கள் என்னெண்டு சீவிக்கிறது? ஆனா அக்கா வாற செவ்வாய்க்கிழமை போயிடுவா. அதுக்கு முதல் ஒரே ஒரு நாள் எனக்குத் தாங்கோ. ஒரு பகல். பின்னேரம் மணி அடிக்கேக்க ஒட்டிப்போடுங்கோ, நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

கஸ்பார் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பார்த்து, மறுபடி செருகிக்கொண்டார்.

"அந்தப் புள்ள தண்ணிக்குள்ள நின்னு உன்னைய படகுல தூக்கிப் போட்டுச்சுன்னு சொல்லுவியே, அந்தப் புள்ளதான?"

"ஓம் மாமா."

"சரி. திங்கக்கெழம. காலை மணிக்கும் மாலை மணிக்கும் எடையில. அன்னைக்கு ஒரு வல்லமும் எறங்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்!"

கூட்டம் எழுந்து கத்திய கத்தலில் அக்கரைக்காரர்கள் ஏதோ திருவிழா என்று நினைத்து வெடி போட்டார்கள்.

திங்கட்கிழமை இரண்டு ஊரும் குளித்து நல்ல துணி உடுத்திக் கரைக்கு வந்தது. காலை மணி அடித்தது. ரெமிஜியுஸ் மணலில் உட்கார்ந்தான். குழலில் இப்போது உட்கார இடமில்லை, ஆகவே அமலி இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவன் பிடியை ஒட்டி அறுத்தான், பிளேடு கீச்சிட்டது, வெள்ளிப் பொடியாகத் தூள் பறந்து அவள் கையெல்லாம் படிந்தது, அவளுக்கு அதைத் துடைக்கத் தோன்றவில்லை, அவள் கண் முழுக்க எதிரேதான் இருந்தது. துண்டு விழுந்தது.

அக்கரை வந்தது. பனைமரங்களோடும் கோபுரத்தோடும் கருவாட்டுப் பாய்களோடும் வேடிக்கை பார்க்க வந்த சனத்தோடும் நாய்களோடும் சந்தடியில்லாமல் நகர்ந்து வந்தது, வந்து கொண்டே இருந்தது, எங்கள் முன்வரிசை பயந்து ஓரடி பின்னால் போகிற நேரத்தில் நின்றது. நடுவில் ஒரே ஒரு பாகம் கடல். ரோந்துக் கப்பல்கள் இரண்டும் இடமில்லாமல் எங்கேயோ வடக்கே போய் நின்றுவிட்டன. கஸ்பார் அந்த இடுக்கில் ஈயக்குண்டு கட்டின கயிற்றை இறக்கிப் பார்த்தார், கயிறு தீர்ந்ததே தவிர அடி தட்டவில்லை. மொத்தக் கடலும் அங்கே செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது, மேலே ஒரு மீன் மட்டும் வந்து இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுப் போனது.

தாண்டினால் ஒரே தாண்டல். ஆனால் அமலி அங்கே கால் வைத்தால் திரும்பி வரமுடியாது, எமில்டா இங்கே கால் வைத்தால் நாளைக்கு அவளை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். இரண்டு பக்கமும் காக்கிச் சட்டை அதிகாரிகள் அவரவர் புத்தகத்தோடு நின்றார்கள். எங்கள் பக்கத்து அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்து அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்.

"காலைப் பத்தித்தான் போட்டிருக்கு. கையைப் பத்தி ஏதாவது?"

அவர் தன் புத்தகத்தைப் புரட்டினார். "கையைப் பற்றி ஒண்டும் இல்லை, சேர்."

அமலி ஓடினாள். விளிம்பில் மண்டியிட்டு, ரெமிஜியுஸ் பின்னாலிருந்து அவள் சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொள்ள, உடம்பு முழுக்கக் கையாக நீட்டினாள். அங்கே எமில்டா மணலில் குப்புறப் படுத்து நீட்டினாள். ஒரு பாகத்தை ஒரு ஆள் இரண்டு கையை விரித்துத்தான் நாங்கள் அளந்திருக்கிறோம்; இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கை நீட்டி அளந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். விரல் நுனி தொட்டது, பிறகு விரல்கள், பிறகு எமில்டா எட்டி அமலியின் மணிக்கட்டையே பிடித்துவிட்டாள், பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

இரண்டு ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம், என்ன பேசப்போகிறார்கள் என்று. எமில்டா தங்கையின் மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றி அளந்து பார்த்தாள்.

"என்னடி இது, எலும்பாக் கிடக்கு? அவர் உனக்குச் சாப்பாடு தாறதில்லையோ?"

"மாமியார் மாதிரிக் கதைக்காதேங்கோ அக்கா," என்றாள் அமலி, சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள், எமில்டாவும் அழுதாள், ரெமிஜியுஸ் "நல்லாத்தான் போடுறேன், அவளே திங்க மாட்டேங்குறா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான், நாங்கள் சிரித்துக்கொண்டே அழுதோம். அதற்குப் பிறகு அந்தக் கரையோரம் முழுக்கக் கைகள்தான். பிரிந்துபோன சித்தப்பன்களும் மச்சான்களும் வழி நெடுகப் படுத்துக் கிடந்து கைகொடுத்துக்கொண்டார்கள். யாருமில்லாதவர்கள் எதிரே இருந்த யாருக்காவது கைகொடுத்தார்கள். தூக்குச்சட்டியில் சோறும் மீன்குழம்பும் இப்படியும் அப்படியும் போய்வந்தன. கஸ்பாருக்கு எதிர்க்கரையிலிருந்து அந்த விளக்குமாற்றுப் பெண்பிள்ளையே ஒரு தேத்தண்ணி நீட்டினாள். அமலியும் எமில்டாவும் மட்டும் பிடித்த கையை விடவே இல்லை. சோற்றைக்கூட இடது கையால் தின்றார்கள்.

மாலை மணி அடித்தது.

ரெமிஜியுஸ் துண்டுகளை வரிசையாக மணலில் வைத்திருந்தான். உள்ளே செருக ஒடுக்கமான குழல் ஒன்று கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கி வைத்திருந்தான், பசையும் குழைத்துவிட்டான். குழலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், எப்போதும் அமலிதான். அவன் திரும்பி அவளைப் பார்த்தான், கூப்பிடவில்லை. கஸ்பார் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டு, குழலைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார்.

முதல் துண்டைச் செருகும்போது எமில்டாவின் பிடி மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு நழுவியது, உள்ளங்கையிலிருந்து விரல்களுக்கு, விரல்களிலிருந்து நகங்களுக்கு. "போயிட்டு வாறனடி" என்றாள். "வாங்கோ" என்றாள் அமலி, ஏதோ சந்தைக்குப் போகிறவளுக்குச் சொல்கிற மாதிரி. அக்கரை போனது. துண்டு துண்டாகப் போனது, முகமாக, சிவப்புத் துணியாக, பனைமரமாக, கோடாக. ஆழத்தில் அடைந்து நின்ற தண்ணீரெல்லாம் மேலே வந்து விரிந்து, மீன்கள் மூச்சுவிட்டுச் சிதறி, ரெமிஜியுஸின் பாறை மேலே எழுந்து வந்து தன் பழைய நாலு பாகத்தில் உட்கார்ந்தது. எல்லாத் துண்டும் பொருந்திவிட்டன. கடல் முழுக் கடலாகிவிட்டது.

ஆகவில்லை. மறுநாள் கஸ்பார் வல்லத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். கட்டில் ஒரு பீடி மிஞ்சுகிறது என்றார். எல்லாத் துண்டையும் வைத்தாயா என்று ரெமிஜியுஸைப் பிடித்தோம், வைத்தேன் என்றான், குழலை எடுத்து நெஞ்சுக்கு நேராக நிறுத்திக் காட்டினான். பழையபடி நெஞ்சுக்கு வரவில்லை, ஒரு விரல் குறைந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: ஒவ்வொரு தடவை அறுக்கும்போதும் பிளேடு ஒரு நூல் அளவுக்குக் குழலைத் தின்றிருக்கிறது. துண்டுகளை ஒட்டலாம், தூளை எப்படி ஒட்டுவது? இருந்தாலும் நாங்கள் சும்மா இருக்கவில்லை, ஊரே முறம் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுப் பின்மணலையும் கடற்கரையையும் சலித்தோம். கிடைத்ததைக் கஸ்பார் உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்து, பாதிகூடத் தேறாது என்று உதட்டைப் பிதுக்கினார். அமலியும் எங்களோடு முறம் பிடித்தாள்.

அந்த வாரம் புதன்கிழமை, பெண்கள் எல்லோரும் ஏலக்கூடத்தில் இருந்த நேரம், அவள் போன் அடித்தது. கனடாவிலிருந்து. எமில்டாவின் குரல் படபடவென்று வந்தது, பக்கத்திலிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அமலி, ஒரு புதினம் கேளடி. நான் வந்த பிளேன் இருக்கெல்லோ, அது சொன்ன நேரத்துக்கு நாலு மணித்தியாலம் முன்னமே வந்து இறங்கிட்டுது. பைலட்டுக்கே விளங்கேல்லையாம், மைக்கில எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேட்டவர். என்ர மகன் இன்னும் வீட்டால வெளிக்கிடவே இல்லை!"

அமலி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கட கையைப் பாருங்கோ."

"கையோ? கையில என்ன... ஓமடி, என்னவோ வெள்ளியாட்டம் மினுங்குது. அண்டைக்கு உன்ர கையைப் பிடிச்சதில ஒட்டினது போல. இரு, கழுவிப்போட்டு வாறன்."

அமலி ஏலக்கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"கழுவாதேங்கோ!"